எந்த டி.ஏ.?

மாதம் முழுவதும் உழைத்த தொழிலாளிக்கு மாதக் கடைசியில் இரண்டு வருகின்றன. ஒன்று கூலி. மற்றொன்று கூலிச் சீட்டு. கூலி எவ்வளவு என்பது எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்தக் கூலி எப்படிக் கணக்காயிற்று, எதற்காக எவ்வளவு பிடித்தார்கள், பிடித்த பணம் எங்கே போயிற்று என்பதையெல்லாம் சொல்ல வேண்டியது சீட்டு. ஆனால் சீட்டு பேசுகிறதா? பி.எப்., இ.எஸ்.ஐ., டி.ஏ., எச்.ஆர்.ஏ., எல்.டபிள்யூ.எப்., யு.ஏ.என். என்று ஒன்றன் கீழ் ஒன்றாகக் குறியெழுத்துக்களை அடுக்கிவிட்டு, அடியில் ஒரு தொகையைக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்கிறது.

கவரைப்பேட்டையில் ரயிலேறிக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகும் தோழர்களின் சட்டைப் பையில் மடித்து வைத்திருப்பது இத்தகைய சீட்டுத்தான். பெரும்பாலும் அது முழுக்க ஆங்கிலம். தமிழில் கொடுக்கிறோம் என்று பெருமை பேசும் நிர்வாகங்களும் ஆங்கில முதலெழுத்துக்களைத் தமிழ் எழுத்தில் பெயர்த்துப் போட்டு, "இதோ தமிழ்!" என்று கையைத் தட்டிவிடுகின்றன.

இது அச்சுக்கூடத்து விஷயம், இதற்குப் போய் ஒரு கட்டுரையா என்று சில நண்பர்கள் கேட்கலாம். சுருக்கப் பெயரையும் பிறமொழிச் சொல்லையும் ஒரு தாளில் எப்படி அச்சிடுவது என்பது, அந்தத் தாளைப் படிக்கப் போகிறவர் யார் என்று முதலில் தீர்மானித்துக்கொண்டு செய்ய வேண்டிய காரியம். தொழிலாளியின் பணத்தைப் பற்றிய தாளைத் தொழிலாளி படிக்க முடியாதபடி அச்சிடுவது நியாயமா? இதுதான் நமது கேள்வி.

எழுத்து ஒன்று, பொருள் இரண்டு

ஆங்கிலத்தில் "டி" என்று நாம் சொல்வதற்கு இரண்டு எழுத்துக்கள் உண்டு. மென்மையாக ஒலிப்பது ஒன்று, வன்மையாக ஒலிப்பது ஒன்று. "பி" என்பதும் அப்படியே. தமிழில் ஒரே ட, ஒரே ப. இது தமிழின் குறையல்ல. சொல்லில் எழுத்து நிற்கும் இடத்தைக் கொண்டே ஒலியை அறிந்துகொள்வது நமது மொழியின் இயல்பு. ஆனால் தனித்தனி ஆங்கில முதலெழுத்துக்களைப் பிடுங்கிக் கொண்டுவந்து தமிழில் நட்டால் என்ன ஆகிறது? இரண்டு வேறு பொருள்கள் ஒரே உருவத்தில் வந்து நிற்கின்றன.

டி.ஏ. என்பதையே எடுத்துக்கொள்வோம். பஞ்சப்படியும் டி.ஏ.தான். பயணப்படியும் டி.ஏ.தான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் முதலெழுத்து வேறு. தமிழில் எழுதினால் ஒன்று. இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கிறீர்களா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு தொழிலாளிக்கு அடிப்படைக் கூலி 7,000 ரூபாய், "டி.ஏ." 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பி.எப். எனப்படும் வருங்கால வைப்பு நிதி, அடிப்படைக் கூலி, பஞ்சப்படி இரண்டையும் சேர்த்து அதன்மேல் 12 சதவிகிதம் பிடிக்கப்படுகிறது. அந்த 3,000 பஞ்சப்படியானால் 10,000 ரூபாய்க்குப் பிடித்தம் 1,200. முதலாளியும் தன் பங்குக்கு 1,200 கட்ட வேண்டும். அதே 3,000 பயணப்படி என்று சொல்லிவிட்டால் 7,000 ரூபாய்க்குத்தான் கணக்கு. அவர் கட்டுவது 840. மாதம் 360 ரூபாய் முதலாளிக்கு மிச்சம். தொழிலாளியின் முதுமைக்குச் சேர வேண்டிய பணத்தில் அது ஓட்டை. பணிக்கொடையிலும் இதே கதை. வருஷத்துக்குப் பதினைந்து நாள் கூலி வீதம் கணக்கிடும்போது அந்த 3,000 சேராவிட்டால், ஒவ்வொரு வருஷச் சர்வீசுக்கும் ஏறக்குறைய 1,730 ரூபாய் கைநழுவிப் போகிறது. இருபது வருஷம் உழைத்தவருக்கு 34,000 ரூபாய்க்கு மேல்!

2025 நவம்பர் 21 முதல் அமுலுக்கு வந்துவிட்டதாக மத்திய சர்க்கார் அறிவித்த புதிய சட்டத் தொகுப்புக்களும் இந்த வேறுபாட்டை வைத்தே இருக்கின்றன. பஞ்சப்படி கூலியில் சேரும். பயணப்படி போன்றவை, எல்லாம் சேர்ந்து மொத்தத்தில் பாதியைத் தாண்டாத வரையில், கூலியில் சேரா. ஆகவே "எந்த டி.ஏ.?" என்பது வாய்ப்பேச்சு வம்பல்ல. சீட்டில் "பஞ்சப்படி" என்று முழுச் சொல்லாக இருந்தால் அதை நாளைக்குப் பயணப்படி என்று மாற்றிச் சொல்ல நிர்வாகத்துக்கு வழியில்லை. அரையெழுத்தில் நின்றால் வழியுண்டு.

பஞ்சப்படி என்ற சொல்லைத்தான் பாருங்கள். விலைவாசி ஏறி வயிறு காயும்போது கொடுக்கப்படும் படி என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது. பிற்காலத்தில் சர்க்கார் ஆபீஸ்கள் அதை "அகவிலைப்படி" என்றன. அகவிலை என்றால் தானிய விலை. அதுவும் நல்ல சொல்தான். இரண்டில் எதை அச்சிட்டாலும் தொழிலாளி கேள்வி கேட்பார்: "விலை ஏறியிருக்கிறதே, படி ஏன் ஏறவில்லை?" டி.ஏ. என்ற இரண்டெழுத்து இந்தக் கேள்வியை எழுப்புவதில்லை. அதனால்தானோ என்னவோ, நிர்வாகங்களுக்கு அந்த இரண்டெழுத்தின்மேல் அவ்வளவு பிரியம்!

இன்னும் உண்டு. ஊர்ப் பேச்சில் "ஐ.பி. கொடுத்துவிட்டான்" என்றால் கடனைத் தீர்க்க முடியாமல் கோர்ட்டுக்குப் போய் மஞ்சள் கடுதாசி கொடுத்தான் என்று அர்த்தம். பத்திரிகையில் ஐ.பி. என்றால் மத்திய உளவுத் துறை. இ.எஸ்.ஐ. அட்டையில் ஐ.பி. நம்பர் என்றால் காப்பீடு செய்யப்பட்டவர் எண். பத்திரிகைத் தலைப்பில் இ.பி.எஸ். என்றால் எடப்பாடி பழனிசாமி, பி.எப். கணக்கில் இ.பி.எஸ். என்றால் 1995-ம் வருஷத்து ஓய்வூதியத் திட்டம். ஓ.பி.எஸ். என்றால் பன்னீர்செல்வமா, பழைய ஓய்வூதியத் திட்டமா என்று அரசு ஊழியர் போராட்டச் செய்திகளைப் படிப்பவர்களே ஒரு நிமிஷம் தடுமாற வேண்டியிருக்கிறது. சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் பணம் சம்பந்தப்பட்ட தாளில் இந்தத் தடுமாற்றம் சிரிப்புக்குரியதல்ல.

பிடித்தது எங்கே போயிற்று?

மேலே சொன்ன 10,000 ரூபாய்த் தொழிலாளியின் பி.எப். கணக்கை முழுக்கப் பிரித்தால்தான் விஷயம் விளங்கும். அவரிடம் பிடித்த 1,200 ரூபாய் அப்படியே அவர் பெயரில் வைப்பு நிதிக்குப் போகிறது. முதலாளி கட்டும் 1,200 இரண்டாகப் பிரிகிறது. 8.33 சதவிகிதம், அதாவது 833 ரூபாய், ஓய்வூதியக் கணக்குக்கு. மீதி 3.67 சதவிகிதம், 367 ரூபாய், வைப்பு நிதிக்கு. ஆக, மாதா மாதம் தன் பெயரில் 1,567 ரூபாய் வைப்பு நிதியிலும் 833 ரூபாய் ஓய்வூதியத்திலும் சேர வேண்டும் என்பது அவருக்குத் தெரிய வேண்டும். சீட்டில் காண்பதோ "பி.எப். 1,200" என்ற ஒரு வரி. முதலாளியின் பங்கு கட்டப்பட்டதா, இல்லையா? சீட்டு சொல்வதில்லை. கான்ட்ராக்டர் மாறினால் பழைய பணம் என்ன ஆயிற்று? சீட்டு சொல்வதில்லை. அதைச் சொல்லக்கூடிய பன்னிரண்டு இலக்க எண் யு.ஏ.என். என்ற மூன்றெழுத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. 2014-ல் வந்த இந்த எண், தொழிலாளி எத்தனை ஆலை மாறினாலும் மாறாதது. அவருடைய சேமிப்புப் பெட்டியின் சாவி அது. அதைச் "சேமநிதி நிரந்தர எண்" என்று அச்சிட்டால் ஒருவர்கூட அதைத் தொலைக்க மாட்டார்.

எல்.டபிள்யூ.எப். என்ற பெயரில் வருஷத்துக்கு ஒருமுறை ஒரு சிறு தொகை பிடிப்பார்கள். தொகை சிறிதாகையால் யாரும் கேட்பதில்லை. அது தொழிலாளர் நல நிதி. 1972-ம் வருஷத்துச் சட்டத்தின்கீழ் ஏற்பட்டது. அந்த நிதியிலிருந்து தொழிலாளியின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி கிடைக்கும். பெயர் புரியாததால் பணம் கொடுத்தவர் உதவி கேட்டு மனுப் போடுவதில்லை. இ.எஸ்.ஐ.யும் அப்படியே. 2019 ஜூலையிலிருந்து தொழிலாளி பங்கு 0.75 சதவிகிதம், முதலாளி பங்கு 3.25 சதவிகிதம். 10,000 ரூபாய்க்கு 75 ரூபாயும் 325 ரூபாயும். "ஆஸ்பத்திரிப் பணம்" என்று நமது தோழர்கள் சொல்வார்கள். ஆனால் அது ஆஸ்பத்திரிக்கு மட்டும் அல்ல. நோயுற்றுப் படுத்தால் பாதிக் கூலிக்கு மேல் உண்டு. வேலையில் அடிபட்டு ஊனமானால் உதவித்தொகை உண்டு. பெண்களுக்குப் பேறுகால உதவி உண்டு. "தொழிலாளர் அரசு காப்பீடு" என்று முழுப்பெயர் போட்டால், காப்பீடு என்ற சொல்லைக் கண்டாவது "எனக்கு என்ன காப்பு?" என்று ஒருவர் கேட்பார்.

நமது பெயரின் முதலெழுத்தும் ஒரு சுருக்கந்தான். சு. முருகன் என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆலைப் பதிவில் அவர் "எஸ். முருகன்". ஆதாரில் "முருகன் சுப்பிரமணி". பாங்கிப் புத்தகத்தில் "முருகன் எஸ்". மூன்றும் ஒரே ஆள் என்பது அவர் தெருவில் எல்லோருக்கும் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பி.எப். பணம் கேட்டு மனுப் போட்டால், பெயர் ஒத்துவரவில்லை என்று திரும்பி வருகிறது. தகப்பன் பெயரைச் சுருக்கி முன்னால் போடுவது நமது வழக்கம். பெயருக்குப் பின்னால் குடும்பப் பெயர் தேடுவது வடக்கத்தி வழக்கமும் மேல்நாட்டு வழக்கமும். படிவம் தயாரித்தவர்கள் நமது வழக்கத்தை எண்ணிப் பார்க்கவில்லை. அதனால் அலைச்சல் யாருக்கு? மகளின் கல்யாணத்துக்கென்று சொந்தப் பணத்தைக் கேட்டு, ஒரு நாள் கூலியை இழந்து, ஆபீஸ் வாசலில் நிற்கும் தொழிலாளிக்கு!

வயலிலும் அதே வலை

கவரைப்பேட்டைப் பக்கத்துக் குடும்பங்களில் கணவன் ஆலைக்குப் போனால் மனைவி நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறார். வயல் வேலை இல்லாத நாளில் ஏரிக்கரை, வாய்க்கால் வேலை. அந்த வேலைக்கு 2005-ல் சட்டம் வந்தது. தமிழ்நாட்டுச் சர்க்கார் அதற்கு மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் என்று நீண்ட பெயர் எழுதியது. ஆங்கிலச் சுருக்கமோ வாயில் நுழையாத ஏழெட்டு எழுத்து. ஜனங்கள் என்ன செய்தார்கள்? "நூறு நாள் வேலை" என்றார்கள். மூன்றே சொல். இதைவிடச் சிறந்த சுருக்கம் எந்தப் பண்டிதரால் முடியும்? உரிமை என்ன என்பதே பெயராகிவிட்டது! நூறு நாள் கொடுக்காவிட்டால் "எங்கே நூறு நாள்?" என்று பெயரைச் சொல்லியே கேட்கலாம்.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அதற்குப் பதிலாக வேறொரு சட்டத்தை நிறைவேற்றியது. அதன் பெயர்: விக்சித் பாரத் – கியாரண்டி பார் ரோஜ்கார் அண்ட் ஆஜீவிகா மிஷன் (கிராமீன்). இந்தியும் ஆங்கிலமும் ஒன்று விட்டு ஒன்றாகக் கோத்த மாலை. எதற்காக இந்தக் கோர்வை? முதலெழுத்துக்களைச் சேர்த்தால் "ஜி ராம் ஜி" என்று வர வேண்டுமாம்! முதலில் பெயர் வைத்துப் பிறகு சுருக்குவது உலக வழக்கம். இங்கே சுருக்கத்தை முதலில் முடிவு செய்து, அதற்கேற்பச் சொற்களைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். வளர்ந்த பாரதம், வேலை உத்தரவாதம், வாழ்க்கைப்பாடு, கிராமப்புறம் என்ற அர்த்தம் எதுவும் களையெடுக்கும் தாயின் காதில் விழாது. விழுவது சாமி பெயர் ஒன்றுதான்.

அந்தப் பெயரின் மறைவில் என்ன இருக்கிறது? நாட்கள் நூற்றிலிருந்து 125 ஆகின்றன என்று பறைசாற்றுகிறார்கள். முன்பு கூலிச் செலவு முழுவதும் மத்திய சர்க்காருடையது. புதிய சட்டத்தில் பெரும்பாலான மாநிலங்கள் 40 சதவிகிதச் செலவைச் சுமக்க வேண்டும். விவசாய வேலை மும்முரமான காலத்தில் வருஷத்துக்கு அறுபது நாள் வரை இந்த வேலையை நிறுத்தி வைக்கலாம். பெயரைப் படித்துப் பார்த்து வியப்பவர்களுக்கு இந்த ஷரத்துக்கள் கண்ணில் படுவதில்லை. தமிழில் "125 நாள் வேலை, செலவில் 40 சதவிகிதம் மாநிலத்தின் தலையில்" என்று அச்சிட்டிருந்தால் பட்டிருக்கும்.

நூறு நாள் வேலையிலேயே எத்தனை எழுத்துக் கூட்டம் வந்து புகுந்தது! 2023 ஜனவரி முதல் என்.எம்.எம்.எஸ். கட்டாயம் என்றார்கள். அர்த்தம்: செல்போனில் இரண்டு வேளை போட்டோ பிடித்தால்தான் ஆஜர். 2024 ஜனவரி முதல் ஏ.பி.பி.எஸ். கட்டாயம் என்றார்கள். அர்த்தம்: ஆதாரோடு இணைந்த பாங்கிக் கணக்கில்தான் கூலி. எப்.டி.ஓ. நிராகரிப்பு என்றார்கள். அர்த்தம்: கூலி அனுப்பும் உத்தரவு பாங்கியில் திரும்பிவிட்டது. இத்தனையையும் இவ்வளவு எளிதாகத் தமிழில் சொல்ல முடிகிறதே, ஏன் சொல்லவில்லை? "உங்கள் கூலி பாங்கியிலிருந்து திரும்பிவிட்டது, கணக்கு எண்ணைச் சரி பாருங்கள்" என்று எழுதினால் அந்தத் தாய் மறுநாளே பாங்கிக்குப் போவார். "எப்.டி.ஓ. ரிஜெக்ட்" என்றால் தன் தலைவிதி என்று வீட்டுக்குப் போவார்.

உயிரும் போகும்

பணம் போனால் போராடித் திரும்பப் பெறலாம். உயிர் போனால்?

1984 டிசம்பர் 2-ம் தேதி நள்ளிரவில் போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து கசிந்தது மெத்தில் ஐசோசயனேட் என்ற விஷவாயு. ஆலைக்குள் அதன் ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்து "மிக்" என்றார்கள். ஆலையின் கையேடுகள் ஆங்கிலத்தில் இருந்தன. படித்துப் புரிந்துகொள்ளக் கூடியவர்கள் சிலரே. மதிலுக்கு அப்பால் குடிசைகளில் படுத்திருந்த மக்களுக்கு அந்த மூன்றெழுத்தும் தெரியாது. அது மூச்சில் ஏறினால் என்ன செய்யும் என்பதும் தெரியாது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். லாபத்துக்காகப் பாதுகாப்பைக் குறைத்ததே அந்தப் பயங்கரத்தின் மூலம். ஆனால் ஆபத்தின் பெயரை மக்களிடமிருந்து மறைத்து வைத்ததும் அதில் ஒரு பகுதி.

நமது பகுதியில் உருக்கு உலைகளும் ரோலிங் மில்களும் ரசாயன ஆலைகளும் உள்ளன. சுவரில் "பி.பி.இ. கட்டாயம்" என்று பலகை. அது தலைக்கவசம், கையுறை, கண்ணாடி, பூட்ஸ் என்று பொருள்படும். அப்படி எழுதினால் நிர்வாகம் அவற்றைக் கொடுத்தே தீர வேண்டும். பலகையைக் காட்டித் தொழிலாளி கேட்பார். இன்னொரு பலகை "லோட்டோ" என்கிறது. சீட்டாட்டம்போல் தோன்றும். அர்த்தம் உயிரைக் காப்பது: மிஷினைப் பழுது பார்க்குமுன் மின்சாரத்தை நிறுத்து, சுவிட்சுக்குப் பூட்டுப் போடு, எச்சரிக்கை அட்டை மாட்டு, பிறகு கை வை. நான்கு தமிழ் வாக்கியம். கான்ட்ராக்ட்டில் நேற்றுச் சேர்ந்த பையனுக்கும் புரியும்.

தமிழில் மட்டும் எழுதினால் போதுமா? போதாது. ஒரிஸாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்த தோழர்கள் அதே உலையின் முன் நிற்கிறார்கள். தெலுங்கு பேசும் குடும்பங்கள் நமது எல்லைப் பகுதியில் நெடுங்காலமாக இருக்கின்றன. அவரவர் மொழியிலும் பலகை வேண்டும். கவரைப்பேட்டை ரயில் நிலையப் பலகையில் ஊரின் பெயரை மூன்று எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். இறங்க வேண்டிய ஊரைத் தெரிந்துகொள்ள மூன்று மொழி உண்டு. கொதிக்கும் இரும்பிலிருந்து விலகி நிற்க ஒரு மொழியும் இல்லையா? தமிழ்த் தொழிலாளிக்குத் தமிழ் கேட்பதும், ஒரியாத் தொழிலாளிக்கு ஒரியா கேட்பதும் ஒரே கோரிக்கைதான்.

சட்டம் என்ன சொல்லிற்று?

இது புதிய கோரிக்கை என்று யாரும் சொல்ல வேண்டாம். 1946-ம் வருஷத்து நிலையாணைச் சட்டம், ஆலையின் நிலையாணைகளை ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளர்க்குத் தெரிந்த மொழியிலும் வாசலருகே பலகையில் ஒட்ட வேண்டும் என்றது. 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 108-வது பிரிவும் நோட்டீஸ்களுக்கு அதையே சொன்னது. தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் 1956-லேயே வந்துவிட்டது. சட்டம் ஏட்டில் இருந்தது; வாசற்பலகையில் ஆங்கிலச் சுருக்கங்கள் இருந்தன.

புதிய தொகுப்புக்கள் வந்து நிலைமையை மேலும் தளர்த்திவிட்டன. நூறு தொழிலாளர் உள்ள ஆலைக்கே முன்பு நிலையாணை கட்டாயம். இப்போது முந்நூறு பேர் வேண்டும். 2019-ம் வருஷத்துக் கூலித் தொகுப்பு, கூலிச் சீட்டுக் கொடுக்க வேண்டும் என்று கூறுகிறது. படிவமும் முறையும் விதிகளில் வகுக்கப்படும் என்று அந்தப் பிரிவு முடிந்துவிடுகிறது. மொழி என்ற பேச்சு அதில் இல்லை. அந்த இடத்தில்தான் நாம் தலையிட வேண்டும்.

சாக்குப் போக்குகள்

"தமிழில் சொல் இல்லை" என்பார்கள். வேலைநிறுத்தம், கதவடைப்பு, ஆட்குறைப்பு, மறியல், பணிக்கொடை என்ற சொற்களையெல்லாம் யார் கொடுத்தார்கள்? தொழிலாளர் வாசலில் நின்று போராடிய காலத்தில் நோட்டீஸ்களிலும் பத்திரிகைகளிலும் வழங்கி வழங்கி நிலைத்தவை அவை. 1923-ல் சென்னையில் முதல் மே தினத்தைக் கொண்டாடிய சிங்காரவேலர், விஞ்ஞானத்தையே சாதாரண மக்களுக்காகத் தமிழில் எழுதினார். வானத்து நட்சத்திரத்தைத் தமிழில் சொல்ல முடிந்தது. கூலிப் பிடித்தத்தைச் சொல்ல முடியாதா?

"அப்படியானால் போனஸ், ஷிப்டு, மில், யூனியன் எல்லாவற்றையும் தள்ளிவிட வேண்டுமா?" என்பார்கள். வேண்டாம். போனஸுக்காக ரத்தம் சிந்திய தொழிலாளிக்குப் போனஸ் அந்நியச் சொல்லல்ல. சிப்காட் என்பதே 1971-ல் தோன்றிய சர்க்கார் கழகம் ஒன்றின் ஆங்கில முதலெழுத்துக் கோர்வைதான். இன்று பஸ் கண்டக்டர் கூவுகிறார்; எல்லோரும் இறங்குகிறோம். சொல் எங்கே பிறந்தது என்பது நமக்குப் பெரிதல்ல. அதைப் படிக்க வேண்டியவருக்குப் புரிகிறதா என்பதே பெரிது. புரியும் இங்கிலீஷ் சொல் நமது சொல். புரியாத சமஸ்கிருதமோ, புரியாத தனித்தமிழோ, அதுவும் அந்நியந்தான்.

"இடம் போதாது, தமிழ்ச் சொல் நீளம்" என்பார்கள். இரண்டு வரியில் மடித்துப் போடட்டும். சீட்டின் பின்புறம் வெறுமையாகத்தானே இருக்கிறது? "கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளாது" என்பார்கள். 2010-லேயே தமிழ்நாட்டுச் சர்க்கார் யூனிகோடு முறையை ஏற்றுக்கொண்டது. செல்போனில் பேரப்பிள்ளைகள் தமிழில் எழுதுகிறார்கள். ஒத்துக்கொள்ளாதது கம்ப்யூட்டர் அல்ல.

எப்படி அச்சிட வேண்டும்?

குறை சொன்னால் போதாது. வழியும் சொல்ல வேண்டும். ஆலை நிர்வாகத்துக்கும், பஞ்சாயத்து ஆபீசுக்கும், நமது சங்க நோட்டீசை அச்சுக் கோக்கும் தோழர்களுக்கும் இவை பொருந்தும்.

ஒன்று: முதல் தடவை வரும்போது முழுப்பெயர் தமிழில் முன்னால், சுருக்கம் பின்னால் அடைப்புக்குள். வருங்கால வைப்பு நிதி (பி.எப்.) என்று ஒருமுறை எழுதிவிட்டால், பிறகு பி.எப். என்று வந்தாலும் குற்றமில்லை. தொகை வரும் கட்டத்தில் மட்டும் எப்போதும் முழுப்பெயரே வேண்டும்.

இரண்டு: ஆங்கிலத்தில் பெரிய எழுத்து என்று ஒன்று உண்டு, சுருக்கத்தைக் கண்டதும் தெரிந்துவிடும். தமிழில் அது கிடையாது. நமக்கு உள்ள ஒரே அடையாளம் புள்ளி. அதைத் தின்றுவிடக் கூடாது. புள்ளிக்குப் பின் இடைவெளி விடவும் கூடாது. விட்டால் "இ.எஸ்." ஒரு வரியிலும் "ஐ." அடுத்த வரியிலுமாகத் தொங்கும். சிப்காட், யுனெஸ்கோ போல ஒரே சொல்லாக உச்சரிப்பதற்குப் புள்ளி வேண்டாம்.

மூன்று: ஆங்கிலப் புத்தகங்களில் பிறமொழிச் சொல்லைச் சாய்ந்த எழுத்தில் போடுவார்கள். தமிழ் எழுத்தைச் சாய்த்தால் கண்ணுக்குத் தொல்லை. புதிய பிறமொழிச் சொல்லை முதல் தடவை மேற்கோள் குறிக்குள் வைத்து, உடனே அர்த்தம் சொன்னால் போதும். ஜனங்களுக்குப் பழகிய சொல்லுக்கு எந்தக் குறியும் வேண்டாம்.

நான்கு: ஒரு தாளில் ஒரு சொல்லுக்கு ஒரே உருவம். மேலே எப், கீழே எஃப். மேலே பஞ்சப்படி, கீழே அகவிலைப்படி என்றிருந்தால் இரண்டு வேறு இனம் என்று படிப்பவர் மயங்குவார்.

ஐந்து: பாங்கிப் புத்தகமும் பி.எப். கணக்கும் ஆங்கில எழுத்தில் இருப்பதால், தமிழ்ப் பெயருக்குப் பக்கத்தில் ஆங்கிலச் சுருக்கத்தையும் போட வேண்டும். தொழிலாளி இரண்டையும் ஒத்துப் பார்க்கட்டும். மறைக்க ஒன்றுமில்லாதவர்களுக்கு இதில் என்ன ஆட்சேபணை?

ஆறு: முகம் சுளித்துப் படிக்க வேண்டிய பொடி எழுத்து வேண்டாம். சுழியும் வளைவும் நிறைந்த நமது எழுத்துக்கு ஆங்கிலத்தைவிடச் சற்றுப் பெரிய அளவு தேவை. பிடித்தங்களையும் அபராதங்களையும் பொடி எழுத்தில் போட்டு, கம்பெனி பெயரை மட்டும் கொட்டை எழுத்தில் போடும் வழக்கம் ஒழிய வேண்டும்.

செய்ய வேண்டியது

தோழர்களே! இந்த மாதக் கூலிச் சீட்டை எடுத்து வையுங்கள். புரியாத எழுத்தையெல்லாம் பேனாவால் வட்டமிடுங்கள். வேலை அட்டை வைத்திருக்கும் சகோதரிகளும் கிராம சபையில் அப்படியே செய்யட்டும். வட்டமிட்ட சீட்டுக்களைச் சங்கத்தில் சேருங்கள். ஆட்கள் பலர் கேட்டால்தான் ஆபீஸ் அறையின் கதவு திறக்கும்.

நிர்வாகத்திடம் எழுத்து மூலம் மூன்று கோரிக்கை வைப்போம். கூலிச் சீட்டில் ஒவ்வொரு இனத்துக்கும் தமிழில் முழுப்பெயர். முதலாளியின் பங்கு கட்டப்பட்ட தொகைக்குத் தனி வரி. ஆபத்துப் பலகைகள் தமிழிலும், உலை முன் நிற்கும் ஒவ்வொரு தொழிலாளியின் மொழியிலும். தமிழ்நாட்டுச் சர்க்காரிடம் ஒரு கோரிக்கை: கூலிச் சீட்டுப் படிவத்தை வகுக்கும் விதிகளில், தொழிலாளிக்குத் தெரிந்த மொழி கட்டாயம் என்ற ஒரு வரியைச் சேர்க்க வேண்டும்.

இதற்கு முதலாளிக்குப் பெரிய செலவு ஒன்றும் கிடையாது. கொஞ்சம் மையும் கொஞ்சம் தாளும்தான். அப்படியிருந்தும் தயங்குவார்களானால், தயக்கம் மைக்காக அல்ல என்பதைத் தெரிந்துகொள்வோம். புரிந்து படிக்கும் தொழிலாளி அடுத்த கேள்வியைக் கேட்பார். அந்தக் கேள்வியை எல்லோரும் சேர்ந்து, வரும் சம்பள நாளிலேயே கேட்போம்: இது எந்த டி.ஏ.?